தனித் தொகுதியும் இரட்டைமலை சீனிவாசனும்

அவிநாசி, தாராபுரம் இரண்டும் நம் மாவட்டத்தின் தனித் தொகுதிகள். ராயபுரம் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இந்தச் சொல்லின் வரலாற்றை அறிய வேண்டும். அதில் இரட்டைமலை சீனிவாசனுக்குப் பெரும் பங்கு உண்டு.

செங்கல்பட்டுப் பகுதியில் கோழியாளத்தில் பிறந்த அவர், படித்தது கோயம்புத்தூரில். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, சக மாணவர்களோடு விளையாடாமல், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். நீலகிரியில் கணக்கராக இருந்துவிட்டுச் சென்னை வந்தார். 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பள்ளியில் மறைத்த பெயரை இதழின் தலைப்பாகவே அச்சிட்டார்.

பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர், 1923-ல் சென்னை சட்டசபையின் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்து நிறைவேற்றினார்.

லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் சேர்ந்து, ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதை ஏற்றது. சென்னை மாகாணத்துக்கு 18 இடங்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஆனது, சீனிவாசனும் கையெழுத்திட்டார். இடங்கள் 30 ஆக உயர்ந்தன. ஆனால் வெற்றியை முடிவு செய்யும் வாக்கு எல்லாச் சாதியார் கைக்கும் போனது.

1945-ல் அவர் மறைந்தார். இன்றும் தனித் தொகுதியில் நிற்பவர் நம்மவர். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாரும். ஆகவே எந்தச் சேரி எந்தத் தொகுதியில் சேர்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. தொகுதி மறுவரையறை வரும்போது வரைவு வெளியிடப்படும். ஆட்சேபம் சொல்ல உரிமை உண்டு. படித்த பிள்ளைகள் அதை வாசித்து ஊருக்குச் சொல்லுங்கள்.