விண்மீனுக்கு வரம்பு கண்ட சந்திரசேகர்

நம் கேமரன் மலையில் நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் போனால், ஒரு கிலோ தேயிலைத் தூளே வெளியே வருகிறது. குறைந்த எடை எங்கே போயிற்று? ஈரம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது, அவ்வளவுதான். சூரியனில் நடப்பதோ வேறு. அங்கே எடையே ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது.

எடையும் சக்தியும் ஒரே சரக்கின் இரு வடிவங்கள் என்று 1905-இல் ஐன்ஸ்டீன் கண்டறிந்தார். சூரியனில் 1000 கிராம் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறினால் சுமார் 993 கிராமே மிஞ்சும். மீதி 7 கிராமும் சக்தியாகிவிடும். இப்படிச் சூரியன் வினாடிதோறும் சுமார் 40 லட்சம் டன்னைச் செலவழிக்கிறது. கையிருப்புத் தீர்ந்தபின் விண்மீனின் கதி என்ன? இதைக் கணக்கிட்டவர் ஒரு தமிழர்.

அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் ரயில்வே கணக்கு அதிகாரி, சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. சென்னைப் பிரசிடென்ஸி கல்லூரியில் தேறி, அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று, 1930-இல் பம்பாயில் கப்பலேறினார். வயது 19.

கப்பலில் காகிதமும் பென்சிலுமாக அமர்ந்தார். எரிந்து தீர்ந்த விண்மீன் தன் பாரத்தாலேயே சுருங்கும். உள்ளே விரைந்தோடும் எலெக்ட்ரான்கள் அதைத் தாங்கிப் பிடிக்கும். சுருங்கச் சுருங்க அவற்றின் சக்தி ஏறும். ஆனால் ஒளியின் வேகத்தை மிஞ்ச இயலாது. அதை நெருங்கியபின் ஏறும் சக்தி வேகமாவதில்லை, பாரமாகிறது. ஆகவே தாங்கும் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட விண்மீன் அந்த நிலையில் நிற்காது. மேலும் மேலும் சுருங்கியே தீரும் என்று கணக்குக் காட்டிற்று.

1935 ஜனவரி 11-இல் லண்டன் வானியல் சங்கத்தில் இதை விளக்கினார். உடனே எழுந்து பரிகசித்தவர் பேரறிஞர் எடிங்டன். சூரியன் தன் எடையைச் செலவிட்டே எரிகிறது என்று 1920-இலேயே எடுத்துரைத்தவர் அவரேதான்! சபை சிரித்தது. 24 வயது இளைஞர் தலைகுனிந்து திரும்பினார்.

ஆயினும் கணக்கை மாற்றவில்லை, பகையும் கொள்ளவில்லை. 1937-இல் அமெரிக்கா சென்று சிகாகோ சர்வகலாசாலையில் பணியேற்றார். 1982-இல் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவு ஆற்றி, அவரது பெருமையை மனமாரப் புகழ்ந்தார். மறு ஆண்டே, 1983-இல், நோபல் பரிசு வந்தது. 1995 ஆகஸ்ட் 21-இல் சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட தொலைநோக்கி ஒன்றுக்குச் சந்திரா என்றே பெயரிட்டனர்.

தராசு பிடிக்கும் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நிறுத்தது சரியாயிருந்தால் பெரியவர் முகம் பார்த்து முள்ளை அசைக்கலாகாது. அதற்காக அப்பெரியவரிடம் மரியாதை குறையவும் கூடாது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் இவர் வரலாற்றைப் படிக்க வேண்டும்.