சதீஷ் தவான்

சதீஷ் தவான் (செப்டம்பர் 25, 1920 – சனவரி 3, 2002) இந்திய வானூர்திப் பொறியியல் அறிஞர் ஆவார். 1972 முதல் 1984 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) தலைவராகப் பணியாற்றினார். பழவேற்காடு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலுள்ள ஏவுதளம் இவரது பெயரால் வழங்கப்படுகிறது.

கல்வியும் ஆய்வும்

ஸ்ரீநகரில் பிறந்த தவான், லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் ஆகியவற்றைக் கற்றார். பொறியாளர் ஒருவருக்கு இது அரிய சேர்க்கையே. பின்னர் அமெரிக்கா சென்று, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1951 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கு இவரது வழிகாட்டி ஹான்ஸ் லீப்மன்.

அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கு இவர் அமைத்த ஒலிமிஞ்சு காற்றுச் சுரங்கத்தின் குறுக்களவு 1 அங்குலத்துக்கு 3 அங்குலம் மட்டுமே. 1962 இல் அக்கழகத்தின் இயக்குநரானார்.

இஸ்ரோவும் ஸ்ரீஹரிகோட்டாவும்

1971 டிசம்பர் 30 அன்று விக்ரம் சாராபாய் காலமானபோது தவான் விடுப்பில் கலிபோர்னியாவில் இருந்தார். இந்திய அறிவியல் கழகப் பணியைத் தொடரவும், இஸ்ரோவின் தலைமையகத்தைப் பெங்களூரில் அமைக்கவும் இசைவு பெற்ற பின்னரே பொறுப்பை ஏற்றார்.

புவியின் சுழற்சி வேகத்தைப் பயன்படுத்திக் கிழக்கு நோக்கிக் கடலின் மேல் ஏவுவதற்கு ஸ்ரீஹரிகோட்டா ஏற்ற இடமாகும். இதன் சுமையில் ஒரு பகுதி மீனவரைச் சேர்ந்தது. ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவக் குப்பத்தினர் கடலுக்குச் செல்ல வேண்டாமென எச்சரிக்கப்படுகின்றனர்.

எஸ்.எல்.வி-3

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தியான எஸ்.எல்.வி-3 நான்கு கட்டங்களைக் கொண்டது. உயரம் 22 மீட்டர், எடை 17 டன். எல்லாக் கட்டங்களும் திண்ம எரிபொருளால் இயங்கின. சிறு மாதிரி விமானத்தின் எஞ்சினை ஓடவிட்ட பின்பும் ஊசித் திருகைத் திருப்பி எரிபொருள் கலவையைச் சீர்செய்யலாம். திண்ம எரிபொருள் மோட்டாரில் அதற்கு வழியில்லை. ஏவுவதற்கு முன்பே எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும்.

1979 ஆகஸ்டு 10 அன்று ஏவப்பட்ட முதல் ஊர்தியில் அவ்வாறு அமையவில்லை. இரண்டாம் கட்டத்தின் திசைக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மாசு காரணமாக மூடாமல் சிக்கிக்கொண்டது. அதன் வழியே நைத்திரிக் அமிலம் கசிந்து வீணானதால் கட்டுப்பாட்டு விசை கிடைக்கவில்லை. முதற்கட்டம் செவ்வனே இயங்கியும் ஊர்தி வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது.

திட்ட இயக்குநர் அப்துல் கலாம். எனினும் செய்தியாளர்களின் முன் தவானே தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 சூலை 18 அன்று இரண்டாம் ஊர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமையே பணித்தார். இந்நிகழ்வைக் கலாம் பின்னாளில் பல உரைகளில் எடுத்துரைத்துள்ளார்.

பிற்காலம்

1981 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். பறவைகளின் பறத்தலிலும் ஈடுபாடு கொண்டு, காற்றியக்கவியல் நோக்கில் அதனை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அந்நூல் 1991 இல் வெளியானது. 2002 சனவரி 3 அன்று பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்கு சதீஷ் தவான் விண்வெளி மையம் எனப் பெயரிடப்பட்டது.