பாலையும் பனிமலையும் கடந்த யுவான் சுவாங் பிக்கு



சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் எத்தனையோ வண்டிகள் புறப்படுகின்றன. பணத்தைக் கட்டினால் வண்டி, உணவு, தங்குமிடம், வழிகாட்டி ஆகிய யாவும் ஒருங்கே கிடைக்கின்றன. லடாக்கின் பனிமலைகளையும் ராஜஸ்தானத்து மணற்பரப்பையும் சில நாட்களுக்குள் காட்டி, மீண்டும் ஊரில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். இவ்வசதி ஏதுமில்லாத காலத்திலே, ஒரு வழிகாட்டியை நம்பிப் பாலைவனத்தின் வாயிலுக்குச் சென்று, அவனால் அங்கேயே கைவிடப்பட்டு, எனினும் மேற்கே நடந்து நம் காஞ்சி மாநகர் வரையில் வந்து சேர்ந்த ஒரு சீன பிக்குவின் சரிதத்தை இங்கு எழுதப் புகுகின்றோம்.

யுவான் சுவாங் 602-ஆம் ஆண்டில், சீனத்தின் லோயாங் நகரையடுத்த ஓர் ஊரில், கல்வியிற் சிறந்த சென் குடும்பத்திற் பிறந்தார். தமையனார் ஒருவர் லோயாங் விகாரையில் பிக்குவாக இருந்தார். அவரைப் பின்பற்றி இவரும் பதின்மூன்றாம் வயதில் சங்கத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் சூயி அரசு வீழ்ந்து, 618-இல் தாங் அரசு தோன்றிற்று. நாடெங்கும் போரும் பஞ்சமும் தலைவிரித்தாட, சகோதரர் இருவரும் மேற்கே சென்று செங்டு நகரில் தங்கிப் பயின்றனர். இருபதாம் வயதில் யுவான் சுவாங் முழுத் துறவு பூண்டார்.

ஆசான் பலரிடம் பாடம் கேட்கக் கேட்க, அவருக்குத் தெளிவு பிறப்பதற்கு மாறாக ஐயமே வளர்ந்தது. ஒரே நூலுக்கு ஒருவர் ஒரு பொருளும் மற்றவர் வேறு பொருளும் கூறினர். மொழிபெயர்ப்புகள் அரைகுறையாகவும் ஒன்றோடொன்று முரண்பட்டும் இருந்தன. பகவன் பிறந்த நாட்டுக்கே சென்று, மூல நூல்களை, அவற்றிலும் சிறப்பாக யோகாசார பூமி சாத்திரத்தை, ஆசானிடம் நேரே கற்பதென்று முடிவு செய்தார். அரசரிடம் அனுமதி வேண்டினார், கிடைக்கவில்லை. எல்லையைத் தாண்டுதல் குற்றமென்று ஆணையும் இருந்தது. 629-ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதில், ஆணையை மீறித் தலைநகராகிய சாங்-ஆனிலிருந்து புறப்பட்டார்.

லியாங்-சௌ நகரில் அவரைத் திரும்பிப் போகும்படி அதிகாரி கட்டளையிட்டார். அவ்வூர் மூத்த பிக்கு ஒருவர் தம் மாணவர் இருவரைத் துணையாக்கி அவரை இரகசியமாக அனுப்பிவைத்தார். பகலில் ஒளிந்து, இரவில் நடந்து, எல்லை நகரமாகிய குவா-சௌவை அடைந்தார். அங்கே அவருடைய குதிரை இறந்தது. அவரைப் பிடிக்கும்படி ஆணையோலையும் பின்தொடர்ந்து வந்தது. தம்மத்தில் பற்றுடைய லி சாங் என்னும் அதிகாரி அவ்வோலையைக் கொணர்ந்து காட்டி, உண்மையைக் கேட்டறிந்து, அவர் கண்முன்பே அதைக் கிழித்தெறிந்துவிட்டு, விரைந்து போகுமாறு கூறினார்.

அந்நகரிலேதான் வழிகாட்டி கிடைத்தான். பாண்டுவோ என்னும் மேற்கத்திய இளைஞன் விகாரைக்கு வந்து வணங்கிப் பஞ்சசீலம் பெற்றுக்கொண்டான். காவற்கோபுரங்கள் ஐந்தையும் தாண்டும் வரையில் தானே அழைத்துச் செல்வதாக வாக்களித்தான். மறுநாள், மெலிந்த செந்நிறக் கிழக்குதிரையொன்றில் ஏறிய முதியவர் ஒருவரையும் கூட்டிவந்தான். அம்முதியவர் பாலைக்கு அப்பாலுள்ள யீ-வு நகருக்கு முப்பது தடவைக்குமேல் போய்வந்தவர். குதிரையோ பதினைந்து தடவை போய்வந்தது. மணலாறும் அனற்காற்றும் பெருங்கூட்டங்களையே விழுங்கிவிடும், தனியே போகவேண்டாம் என்று முதியவர் எச்சரித்தார். பிக்குவின் உறுதி அசையாதது கண்டு, தம் குதிரைக்கு வழி தெரியுமென்று கூறி அதை அவருக்குக் கொடுத்து, அவருடைய இளங்குதிரையைப் பெற்றுக்கொண்டார்.

இரவிலே இருவரும் ஆற்றங்கரையை அடைந்தனர். பாண்டுவோ மரங்களை வெட்டிக் குறுக்கே கிடத்தி, தழையும் புல்லும் மணலும் பரப்பிப் பாலமாக்கிக் குதிரைகளை அக்கரை சேர்த்தான். பின்னர் இருவரும் சிறிது தூரம் தள்ளித் தள்ளிப் படுத்தனர். நள்ளிரவில் அவன் உருவிய வாளுடன் எழுந்து பிக்குவை நோக்கி வந்தான், பத்தடி தூரத்தில் நின்றான், திரும்பிச் சென்றான். பிக்கு எழுந்தமர்ந்து சூத்திரம் ஓதலானார். விடிந்ததும் அவன் தன் அச்சத்தை வெளியிட்டான். வழி நெடிது, கோபுரங்களின் அடியிலன்றி நீரில்லை, இரவில் ஒளிந்து நீரெடுக்கவேண்டும், அகப்பட்டால் இருவரும் மாளவேண்டியதே, தனக்குக் குடும்பமும் உண்டு என்றான். பிக்கு அவனைப் போகவிட்டார். அவர் பிடிபட்டால் தன் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்றும் அவன் அஞ்சினான். உடலைத் துண்டாக்கினும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்து, ஒரு குதிரையையும் தந்து அனுப்பினார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை.

இதன் பின்னர் எலும்புக் குவியல்களும் குதிரைச் சாணமுமே அவருக்கு வழிகாட்டின. முதற் கோபுரத்தின் அடியில் நீர் மொள்ளும்போது அம்பொன்று பாய்ந்து முழங்காலை உரசுமாப்போல் சென்றது. தாம் சாங்-ஆனிலிருந்து வரும் பிக்கு என்று கூவித் தெரிவித்தார். அங்கிருந்த தலைவன் வாங் சியாங் அவரைத் தன் ஊருக்கு அனுப்ப முயன்றான்; பிக்கு இணங்காமை கண்டு, உணவும் நீரும் கொடுத்து, நான்காம் கோபுரத்திலிருக்கும் தன் உறவினனிடம் நேரே செல்லும்படி வழியுஞ் சொன்னான். அவ்வுறவினன் பெரிய தோற்பை நிறைய நீர் கொடுத்து, ஐந்தாம் கோபுரத்துக் காவலர் கொடியராகையால் அதை விலகிப் போகும்படி அறிவுறுத்தினான்.

அதற்கப்பால் மோ-ஹோ-யென் பாலை. அதன் நீளம் 800 லீ. இரண்டு லீ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். விண்ணிற் பறவையில்லை, மண்ணில் விலங்கில்லை, புல்லுமில்லை, நீருமில்லை. குடிக்கப்போன சமயத்தில் தோற்பை கைநழுவி விழுந்து, நீர் முழுதும் மணலில் ஓடிற்று. வழியும் தப்பிற்று. கிழக்கே திரும்பிப் பத்து லீக்கு மேல் நடந்தார். பிறகு நின்று சிந்தித்தார். இந்தியாவை அடையுமுன் கிழக்கே ஓரடியும் வைப்பதில்லையென்று முன்னர்ச் செய்த சங்கற்பம் நினைவுக்கு வந்தது. கிழக்கே போய் உயிர்வாழ்வதினும் மேற்கே போய் மடிவது நன்றெனத் துணிந்து குதிரையை மீண்டும் மேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் தொண்டையில் இறங்கவில்லை. குதிரையும் அவரும் மணலில் வீழ்ந்தனர். ஐந்தாம் இரவு குளிர்ந்த காற்று வீசிற்று, எழுந்து புறப்பட்டனர். திடீரெனக் குதிரை வழியை விட்டு வேறு திசையில் நடந்தது, இழுத்தும் நிற்கவில்லை. சில லீ சென்றதும் பசும்புல்லும் தெளிந்த நீர்க்குட்டையும் தோன்றின. மனிதன் விட்டுச் சென்ற வேலையைப் பதினைந்து தடவை அவ்வழி வந்த கிழக்குதிரை முடித்துவைத்தது. மேலும் இரண்டு நாளில் யீ-வு நகரை அடைந்தார்.

அடுத்த நாடாகிய கௌசாங்கின் மன்னர் சூ வென்-தாய் தம்மத்தில் மிகுந்த அன்புடையவர்; அந்த அன்பே தடையாயிற்று. பிக்கு தம் நாட்டிலேயே தங்கவேண்டும், இன்றேல் சீனத்துக்கே திருப்பியனுப்புவேன் என்றார். பிக்கு மூன்று நாள் உண்ணாதிருந்தார். மன்னர் மனமிரங்கி, ஒரு மாதம் தம்மம் உரைத்துச் செல்லும்படியும், திரும்பும்போது மூன்றாண்டு தங்கும்படியும் கேட்டு வாக்குறுதி பெற்றார். பின்னர் 30 குதிரைகள், 25 பணியாட்கள், பொன், வெள்ளி, பட்டு, இருபதாண்டுப் பயணத்துக்குப் போதுமான பொருள், வழியிலுள்ள 24 நாட்டு அரசருக்கு 24 கடிதங்கள் இவ்வளவும் தந்து, தாமே நகர்ப்புறம் வரையில் வந்து வழியனுப்பினார்.

தனியராய்ப் பாலையைக் கடந்தவர் இப்போது பெருங்கூட்டத்துடன் பனிமலையின்கண் ஏறினார். தியான்-ஷான் தொடரைக் கடக்க ஏழு நாளாயின. படுக்க உலர்ந்த இடமில்லை. கலத்தைத் தொங்கவிட்டுச் சமைத்தனர். பனிக்கட்டியின்மேல் பாய் விரித்துத் துயின்றனர். கூட்டத்தில் பத்துப் பேருக்கு மூவர் நால்வர் பசியாலும் குளிராலும் மாண்டனர். மாடும் குதிரையும் அதனினும் மிகுதியாக மாண்டன.

அன்பர்களே, இவ்விடத்திற் சற்று நிற்போம். பாதியில் திரும்பிப் போன பாண்டுவோவின் பெயர் இன்றளவும் நிற்கிறது. சுமை தூக்கி, குதிரை பிடித்து, உயிர்விடும் வரையில் உடன்வந்த அவ்வேலையாட்களில் ஒருவர் பெயரும் சரிதத்தில் இல்லை. பெரியார் ஒருவர் நடந்த வழியை நாம் போற்றும்போது, அவ்வழிக்குத் தம் உடலைக் கொடுத்த பெயரற்ற உழைப்பாளிகளையும் வணங்குதல் நம் கடமை. உழைத்து உண்ணும் நமக்கு இது பிறர் சொல்லித் தெரியவேண்டியதன்று.

மலைக்கு அப்பால் துருக்கியரின் பேரரசரைக் கண்டார். அவர் சீனமொழியறிந்த இளைஞன் ஒருவனைத் துணைக்கு அனுப்பினார். சாமர்கண்டு, பால்க் ஆகிய நகரங்களைக் கண்டு, பாமியானில் மலையிற் செதுக்கிய பெரும் புத்தர் சிலைகளைத் தரிசித்தார். 2001-இல் தகர்க்கப்பட்ட அச்சிலைகளின் பழைய கோலத்தை இன்று நாம் அறிவதற்கு அவர் எழுத்தும் ஒரு சாட்சி. காந்தாரம் வழியாகக் காசுமீரம் சென்று இரண்டாண்டு பயின்றார். பின்னர் நாளந்தையை அடைந்து, முதுபெருங் குருவாகிய சீலபத்திரரின் அடியில் அமர்ந்து, தாம் தேடிவந்த யோகாசார சாத்திரத்தைக் கற்றார்.

இந்தச் சீலபத்திரருக்கு ஆசான் யாவர்? காஞ்சியில் பிறந்த தருமபாலரே. அமைச்சரின் மூத்த மகனாய்ப் பிறந்து, அரசகுமாரியை மணக்கவிருந்த நாளின் முன்னிரவில் உலகைத் துறந்து, நாளந்தையில் தலைமை ஆசானாய் விளங்கியவர் அவர். சீனத்திலிருந்து பாலையும் பனிமலையும் தாண்டிவந்து யுவான் சுவாங் பெற்ற கல்வி, நம் காஞ்சி தந்த கல்வியின் வழிவந்தது.

அக்காஞ்சியைக் காணவும் அவர் வந்தார். கலிங்கத்தின் வழியே கிருஷ்ணை நதிக்கரைத் தான்யகடக நாட்டை அடைந்து, சில மாதங்கள் அபிதருமம் பயின்று, தெற்கே நடந்தார். அங்கிருந்து காஞ்சிக்கு வருவோர் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கடந்தே வருதல்வேண்டும். நம் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மலைகள் அந்நிலத்துக்கு மேற்கு வேலியாய் நிற்கின்றன. அவ்வழியைக் காடும் சதுப்பும் கள்வர் பயமும் நிறைந்ததாக அவர் எழுதினார். ஏறக்குறைய 640-இல், பல்லவன் நரசிம்மவர்மன் ஆண்டபோது, காஞ்சியை அடைந்தார். திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் 10,000 பிக்குகளும் இருந்தனரென்றும், மக்கள் கல்வியைப் போற்றுவோரென்றும் குறித்தார். இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தார். ஆனால் அந்நாட்டில் அரசர் இறந்து, பஞ்சமும் கலகமும் மூண்டதால் ஓடிவந்த பிக்குகளைக் காஞ்சியிலேயே சந்தித்தமையால் அவ்வெண்ணத்தை விட்டு வடக்கே திரும்பினார்.

643-இல் ஹர்ஷ மன்னரிடம் விடைபெற்றார். கடல்வழி எளிதாயிருந்தும் கௌசாங் மன்னருக்குக் கொடுத்த வாக்கை எண்ணித் தரைவழியே சென்றார். சிந்து நதியில் ஐம்பது சுவடிக் கட்டுகள் நீரில் போயின. தங்கியிருந்து வேறு பிரதிகள் எழுதுவித்தார். ஆனால் கௌசாங் மன்னரோ 640-இலேயே இறந்துவிட்டார். அவர் நாடும் தாங் பேரரசில் அடங்கிப்போயிற்று. வாக்கைக் காக்க அவர் ஆயத்தமாயிருந்தார்; கேட்டவர்தாம் இல்லை.

645-இல், இருபது குதிரைகளின்மேல் 657 நூல்களுடன் சாங்-ஆன் திரும்பினார். ஆணையை மீறிச் சென்றவரை அரசர் தண்டிக்காது வரவேற்று, காவியைக் களைந்து அமைச்சராகும்படி வேண்டினார். அவர் மறுத்துவிட்டார். 646-இல் தம் பயண நூலை முடித்தார். 664-இல் காலமாகும் வரையில் 75 நூல்களைச் சீனத்தில் பெயர்த்தார். தருமபாலரின் கருத்தைத் தலைமையாகக் கொண்டு அவர் 659-இல் இயற்றிய நூலாலேயே, காஞ்சிப் பெரியாரின் சிந்தனை நம் நாட்டில் மறைந்த பின்னும் சீனத்திலும் ஜப்பானிலும் வாழ்கிறது.

பிற்காலத்தில் நம் நாட்டில் புண்ணியத் தலங்கள் மண்மேடாய்க் கிடந்தன. அவற்றின் பெயரும் மறந்தது. 1861-இல் தொல்பொருள் ஆய்வைத் தொடங்கிய கன்னிங்காம், யுவான் சுவாங் குறித்த திசையையும் தூரத்தையும் கையிற்கொண்டே நாளந்தை முதலிய இடங்களைக் கண்டறிந்தார். வழிகாட்டியால் கைவிடப்பட்டவர் 1,200 ஆண்டுகளுக்குப் பின் வழிகாட்டியானார். இன்று நாம் வண்டியேறி அத்தலங்களை வணங்கி மீள்கிறோமாயின், அவ்வழியில் அவருடைய அடிச்சுவடு உள்ளது.

நம்மிலும் சிலர் பஞ்சசீலம் ஏற்று, சில நாள் உடன்நடந்து, சுற்றத்தாருக்கும் ஊராருக்கும் அஞ்சிப் பழைய வழக்கத்துக்கே திரும்புகின்றனர். அவர்களைப் பலர் ஏசுகின்றனர். யுவான் சுவாங் ஏசவில்லை. பாண்டுவோ வாளெடுத்தவனே, எனினும் அவன் கட்டிய பாலத்தின்மேல் நடந்தே அவர் ஆற்றைக் கடந்தார். திரும்புகிறவர் நாளை மீண்டும் வரக்கூடும். அவர் பெயரைக் கெடுக்காமல் காப்போம். அவர் நம்மோடு வந்த தூரத்துக்கு நன்றி கூறுவோம். மிகுந்த வழியை நாமே நடப்போமாக.