தோல்விகளை எண்ணிய மருத்துவர்

இடுப்பு மூட்டு தேய்ந்து, படுக்கையே கதியென்று கிடந்த முதியவர், அறுவை சிகிச்சை முடிந்த சில நாள்களில் ஊன்றுகோலுடன் நடைபழகுவது இன்று யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அது அரிதினும் அரிது. அதை அன்றாட நிகழ்வாக்கியவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி. அவருடைய வெற்றியை மருத்துவ உலகம் போதிய அளவு கொண்டாடிவிட்டது. தம் தோல்வியை அவர் எதிர்கொண்ட விதத்தைத்தான் நாம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை என்பது என் எண்ணம்.

சார்ன்லி 1911 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பரி நகரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். தாய் செவிலியர் பயிற்சி பெற்றவர். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்ற அவர், 25 வயதுக்குள் அறுவை சிகிச்சையில் உயர்தகுதியும் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவராக எகிப்தில் பணியாற்றினார். காயமடைந்த வீரர்களுக்கான தாங்கு கருவிகளை அங்கிருந்த பட்டறையில் தாமே வடிவமைத்தார். மருத்துவரும் பொறியாளரும் ஒருவருக்குள் கூடிவாழ்ந்த அந்த இயல்பு இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எலும்பு எவ்வாறு கூடுகிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. ஒட்டவைக்கப்படும் எலும்புத் துண்டின் போக்கை அறிய, தம் கால் எலும்பிலேயே சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு சோதனை செய்துகொண்டார். அதில் கிருமித் தொற்று ஏற்பட்டு, மறுபடியும் அறுவைக்கு உள்ளாக நேர்ந்தது. அறிவியல் ஆர்வம் என்பதா, அளவு கடந்த துணிச்சல் என்பதா? இரண்டும் என்றே நான் சொல்வேன்.

1950களில் அவருடைய கவனம் இடுப்பு மூட்டின்பக்கம் திரும்பியது. அக்காலத்தில் பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் உருவாக்கிய அக்ரிலிக் பந்தைப் பலருக்குப் பொருத்திவந்தனர். அவ்வாறு பொருத்தப்பட்ட ஒருவருடைய இடுப்பு, அவர் குனியும்போதெல்லாம் கிறீச்சிட்டது. வீட்டில் மனைவியால் அந்த ஓசையைச் சகிக்க முடியவில்லை. பிறர் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய அந்தத் தகவலில் சார்ன்லி ஒரு பெரும் உண்மையைக் கண்டார். ஓசை எழுகிறதென்றால் உராய்வு மிகுந்திருக்கிறது. உராய்வு மிகுந்தால், மூட்டு அசையும்போதெல்லாம் எலும்புக்குள் செருகிய பகுதியும் அசைக்கப்படும். நாளடைவில் அது தளர்ந்துவிடும்.

ஆகவே அவர்முன் இரண்டு சிக்கல்கள் நின்றன. ஒன்று, அசையும் பரப்பில் உராய்வைக் குறைப்பது. மற்றொன்று, அசையக்கூடாத பரப்பில், அதாவது உலோகமும் எலும்பும் சந்திக்கும் இடத்தில், பிடிப்பை உறுதிசெய்வது. இரண்டாவதற்குப் பல் மருத்துவப் பொருள்களில் வல்லுநரான டென்னிஸ் ஸ்மித்தின் ஆலோசனை கைகொடுத்தது. பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் வகைப் பொருளைக் களிம்புபோலக் குழைத்து, தொடை எலும்பின் உட்குழியில் நிரப்பி, உலோகத் தண்டை அதில் இறக்கினார். எலும்பு சிமெண்ட் என்று இன்று நாம் அழைப்பது அதுவே. பெயர் எதுவானாலும் அது பசை அன்று. எலும்பின் நுண்ணிய இடுக்குகளை நிரப்பி, உடல் எடையைச் சிறு புள்ளிகளில் குவியவிடாமல் பரவலாக இறக்குவதே அதன் வேலை.

முதல் சிக்கலில்தான் அவர் சறுக்கினார். உராய்வு மிகக் குறைந்த டெஃப்லானில் கிண்ணம் செய்து, 1950களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள், பாராட்டு குவிந்தது. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைப் புண்படுத்தி, எலும்பையும் அரித்தன.

புதிய பொருளின்மீதோ நோயாளியின் வயதின்மீதோ பழியைப் போட்டிருக்கலாம். சார்ன்லி அவ்வாறு செய்யவில்லை. தாம் பொருத்தியவற்றைத் தாமே அகற்றி, மறு அறுவை செய்தார். டெஃப்லான் துகள்களையும், அடுத்துப் பயன்படுத்த எண்ணிய பாலிஎதிலின் துகள்களையும் தம் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் கவனித்தார். டெஃப்லான் சென்ற இடம் கட்டியாக வீங்கியது. மற்றது அவ்வாறு வீங்கவில்லை. இந்த முடிவை 1963-இல் மருத்துவ இதழில் தம் பெயரிலேயே வெளியிட்டார்.

அந்தப் பாலிஎதிலின் கிடைத்த கதையும் சுவையானது. நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட அப்பொருளை 1962-இல் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்தபோது, சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன், தலைவர் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் இரவுபகலாக ஓடவிட்டார். திரும்பி வந்த சார்ன்லி தேய்மான அளவைக் கண்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் முதல் பாலிஎதிலின் கிண்ணம் பொருத்தப்பட்டது. தமக்குக் கீழ் பணியாற்றியவர் சொன்னதை ஏற்கும் மனம் இல்லாதிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

அதன் பின்னர் அவர் காட்டிய நிதானமே என்னை மிகவும் கவர்வது. ரைட்டிங்டன் மருத்துவமனையில் தம்மிடம் வந்து பயிலாத மருத்துவர்களுக்குச் சில ஆண்டுகள் வரை அந்தச் செயற்கை மூட்டை விற்க அவர் இசையவில்லை. கிருமித் தொற்றைத் தடுக்க, வடிகட்டிய காற்று பாயும் தனி அறுவைக் கூடத்தை அமைத்தார். இறந்தபின் மூட்டை ஆய்வுக்குத் தருமாறு நோயாளிகளிடம் வேண்டினார், பலர் இசைந்தனர். பல ஆண்டுகள் உடலில் இருந்த சிமெண்ட்டை எலும்பு எவ்வாறு ஏற்றிருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்டறிய அவர்களுடைய கொடை உதவியது. 1974-இல் லாஸ்கர் விருதும் 1977-இல் சர் பட்டமும் பெற்ற அவர், 1982 ஆகஸ்ட் 5 அன்று மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி அவரோடு முடியவில்லை. உலோகத்தின் பரப்பு எப்படி இருக்க வேண்டும்? இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் 1970-இல் அறிமுகமான தண்டு பளபளப்பாக மெருகேற்றப்பட்டிருந்தது. 1976-இல் அதன் பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக மாற்றினர். சொரசொரப்பு சிமெண்ட்டை நன்றாகப் பற்றும் என்று யாருக்கும் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. தளர்ந்த தண்டுகள் கூடின. உரசலில் உதிர்ந்த துகள்கள் எலும்பைக் கெடுத்தன. 1986-இல் மெருகேற்றிய பரப்புக்கே திரும்பினர். மெருகேற்றிய தண்டு ஆப்பைப்போலச் சிறிது கீழிறங்கி, சிமெண்ட்டை எலும்போடு அழுத்துகிறது என்பது பின்னர் விளங்கியது.

சிமெண்ட் இல்லாமல் எலும்பில் நேரடியாகப் பொருத்தும் டைட்டானியத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே மணலடித்தும் அமிலத்தால் அரித்தும் சொரசொரப்பாக்கிய பரப்பை எலும்பு நன்றாகப் பற்றி வளர்கிறது. ஆனால் தொடக்க வாரங்களில் அந்த உலோகம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்துகொண்டிருந்தாலே, எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடக்கூடும். பரப்பு நல்லதா கெட்டதா என்பதை அதன் அண்டை வீட்டாரான எலும்போ சிமெண்ட்டோ முடிவுசெய்கிறது. அந்த முடிவு தெரியவும் ஆண்டுகள் ஆகின்றன.

அதனால்தான் கணக்கு வேண்டும். ஸ்வீடன் 1979-லேயே இடுப்பு மூட்டு மாற்றங்களுக்குத் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. உலோகத்தின்மீது உலோகம் உரசும் மூட்டு ஒன்று 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதற்கு இத்தகைய பதிவேடுகளின் எண்களே முக்கியக் காரணம். அதே மூட்டு பொருத்தப்பட்ட இந்தியர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. யாருக்கு எது பொருத்தப்பட்டது என்ற முழுமையான கணக்கு நம்மிடம் இல்லாததன் விலை அது.

பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டையும், அது தளரும் நாளையும் கட்டாயமாகப் பதிவுசெய்யும் தேசியப் பதிவேடு நமக்கு வேண்டும். புதிய பூச்சு, புதிய உலோகம் என்ற விளம்பரத்தைக் காணும் நோயாளி, இது எத்தனை பேரிடம் எத்தனை ஆண்டுகள் நிலைத்தது என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்லும் எண் நம் நாட்டிலேயே இருக்க வேண்டும். 300 தோல்விகளை மறைக்காமல் எண்ணியதால்தான் சார்ன்லி வென்றார். எண்ணாத நாடு தன் தோல்விகளை அறியவே வழியில்லை.