டென்ஸிங்கின் மலை விரதம்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து செல்வோர் கனகம்மாசத்திரத்தைக் கடந்து திருத்தணிகை நோக்கி நடப்பதை நமது வாசகர்களில் பலர் கண்டிருப்பர். ஏற வேண்டிய படிகள் 365 தான். ஆயினும் விரதம் இருக்காமல் காவடியைத் தோளில் ஏற்ற எவரும் துணிவதில்லை. 29,000 அடிக்கு மேற்பட்ட எவரெஸ்ட் சிகரத்தை 1953-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி மிதித்த டென்ஸிங் நார்கேயின் சரித்திரமும் இத்தகையதொரு நீண்ட விரதமே என்பது நமது அபிப்பிராயம். சிகரத்தின் மீது அவர் நின்றது சுமார் கால் மணி நேரம். அதற்கு முன் கழிந்தவை பதினெட்டு வருஷங்கள்.

1914-ல் பிறந்து, நேபாளத்தின் கும்பு பிரதேசத்தில் வளர்ந்த டென்ஸிங், வாலிபப் பிராயத்தில் டார்ஜிலிங்குக்குப் பிழைப்புத் தேடி வந்தார். எழுதப் படிக்க அறியார். 1935-ல் ஆங்கிலேயர் ஷிப்டனின் கோஷ்டியில் சுமை கூலியாக முதன் முதல் எவரெஸ்ட்டுக்குச் சென்றார். 1936, 1938, 1947 ஆகிய வருஷங்களில் மீண்டும் சென்றார். 1952-ல் ஸ்விஸ் கோஷ்டியினர் இரு முறை முயன்றபோது அவரைக் கூலியாகக் கருதாமல் ஏறுவோரில் ஒருவராகவே சேர்த்துக் கொண்டனர். லாம்பெர்ட் என்ற ஸ்விஸ் வீரரும் அவரும் சுமார் 28,200 அடி வரை ஏறித் திரும்பினர். ஆறு முறை தோல்வி. ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

1953-ல் ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் கோஷ்டி காட்மாண்டுவில் கூடியபோது, ஷெர்ப்பாக்களுக்குத் தங்க அளிக்கப்பட்ட இடம் பிரிட்டிஷ் தூதரகத்தின் மோட்டார் கொட்டகை. இதை நாம் மறப்பதற்கில்லை. எனினும் ஹண்ட் ஒரு விஷயத்தில் மெச்சத்தக்கவர். மார்ச் மாத இறுதியில் தியாங்போச்சே மடத்தை அடைந்ததும் அவர் உடனே சிகரத்தை நோக்கிப் பாயவில்லை. மூன்று வாரங்கள் கோஷ்டியைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சுற்றியுள்ள சிறிய மலைகளில் ஏறி இறங்கச் செய்தார். பிராணவாயுக் கருவிகளைச் சுமந்து பழகுவதும், மெல்லிய காற்றுக்கு உடலை இணக்குவதும், ஒருவர் காலடியை மற்றவர் அறிந்து கொள்வதும் இந்நாட்களில் நடந்த காரியங்கள். பின்னர் ஒரு நாள் பனிப்பாறைச் சரிவில் இறங்குகையில் நியூஜிலாந்துக்காரரான ஹில்லரி பனிப்பிளவில் விழுந்தார். ஒரே கயிற்றில் பிணைந்திருந்த டென்ஸிங் தமது பனிக்கோடரியைப் பதித்துக் கயிற்றை இறுகப் பிடித்து அவரைக் காத்தார். சிகரத்துக்கு இவ்விருவரையும் இணைத்து அனுப்பியதில் ஆச்சரியமில்லை.

வெற்றிக்குப் பின் ஹண்டுக்கும் ஹில்லரிக்கும் 'ஸர்' பட்டம் கிடைத்தது. டென்ஸிங்குக்குக் கிடைத்தது ஜார்ஜ் மெடல். முதலில் காலை வைத்தவர் யார் என்ற வீண் விவாதமும் எழுந்தது. நமது தேசபக்தர்களில் சிலரும் இதில் அளவு கடந்து கூச்சலிட்டனர் என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். டென்ஸிங் செய்ததோ வேறு. உலகமே போற்றிய அவர், 1954-ல் ஸ்விட்ஸர்லாந்தின் ரோஸன்லாய் என்னுமிடத்துக்குச் சென்று, பிறருக்கு மலையேற்றம் கற்பிக்கும் முறையை மாணவராக அமர்ந்து பயின்றார். அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி, நேருஜி, டாக்டர் பி. ஸி. ராய் ஆகியோரின் ஆதரவில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் ஸ்தாபிதமாயிற்று. டென்ஸிங் அதன் களப் பயிற்சி அதிகாரியானார்.

கழகத்தின் முதல் பிரின்ஸிபால் மேஜர் நரேந்திர தர் ஜயால், 1958-ல் சோ ஓயு மலையில் உயிர் நீத்தார். கோஷ்டிக்குப் பின்னால் புறப்பட்டு, முன் சென்றவர்களை எட்டிப் பிடிக்க விரைந்து ஏறியதே காரணம். கற்பிப்பவருக்கும் மலை சலுகை காட்டவில்லை.

1960-லும் 1962-லும் இந்தியக் கோஷ்டிகள் எவரெஸ்ட் சிகரத்துக்குச் சில நூறு அடிகள் கீழிருந்தே திரும்பின. மூன்றாம் முயற்சிக்கு முன், 1964-ல், சிக்கிம் பக்கத்து ராதோங் சிகரத்தில் முன் பயிற்சி நடைபெற்றது. 1965 மே மாதம் கோலி தலைமையில் ஒன்பது பேர் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றனர். முதலில் ஏறிய இருவரில் ஒருவர் நவாங் கோம்பு. டென்ஸிங்கின் சகோதரி மகன். டார்ஜிலிங் கழகத்தின் ஆசிரியர்.

டென்ஸிங் 1976-ல் ஓய்வு பெற்று, 1986 மே 9-ந் தேதி காலமானார். அவரது உடல் கழகத்தின் வளாகத்திலேயே தகனம் செய்யப்பட்டது.