அமைதிப் படை கண்ட ஆசாரிய வினோபா



மகாராட்டிரத்தில் 1895 செப்டம்பர் 11 அன்று தோன்றிய ஆசாரிய வினோபா பாவே, பகையை வெல்லும் நெறியை நடந்தே காட்டியவர். நிலப் பூசலால் குருதி சிந்திய தெலுங்கானாவில், 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் 100 ஏக்கர் தானமாகப் பெற்றுப் பூதான இயக்கத்தைத் தொடங்கினார்.

1956இல் தமிழகத்தில் ஊர் ஊராக நடந்தார். அவ்வாண்டு நவம்பரில், பழங்கொங்கின் தெற்கெல்லையான பழனியில் கூடிய சர்வ சேவா சங்கம் பூதானக் குழுக்களைக் கலைத்து, இயக்கத்தை மக்களிடமே ஒப்படைத்தது.

மறு ஆண்டு கேரளத்தில் சாந்தி சேனையை நிறுவினார். 5,000 மக்களுக்கு ஒரு தொண்டர் வேண்டுமென விழைந்தார். அமைதிக் காலத்தில் வீடுதோறும் தொண்டாற்றி, இரு தரப்பாரின் நம்பிக்கையையும் ஈட்டியவரே கலவரத்தின் நடுவே நிற்கத் தக்கவர் என்பதே அப்பயிற்சியின் அடிப்படை. 1960 மே மாதம் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர் 20 பேர் அவர்முன் படைக்கலம் துறந்தனர். பின்னர் நீதிமன்றத்தையும் எதிர்கொண்டனர்.

சமணப் பிரிவினர் யாவரும் ஏற்கும் பொதுநூல் ஒன்று வேண்டுமென அவர் வற்புறுத்தியதன் பயனே 756 காதைகள் கொண்ட சமணசுத்தம். 1982 நவம்பர் 15 அன்று, பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளித் திருநாளில், உணவும் மருந்தும் நீத்து, சல்லேகனையை ஒத்த நெறியில் உயிர் துறந்தார்.

மன்னிப்பு வேண்டும் நன்னாளில், நம்மோடு பகைத்தவர் இல்லத்தை முதலில் நாடுவதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.