மிக்கைல் தொலிவோ-தொப்ரவோல்சுக்கி

மிக்கைல் தொலிவோ-தொப்ரவோல்சுக்கி (சனவரி 2, 1862 – நவம்பர் 15, 1919) உருசியாவில் பிறந்து செருமனியில் பணியாற்றிய மின்பொறியாளர் ஆவார். மும்முனை மின்சாரத்தில் இயங்கும் கூட்டுச் சுற்றகத் தூண்டல் மின்னோடியையும் மும்முனை மின்மாற்றியையும் உருவாக்கியவர். இன்று கிணற்றடி மோட்டார் முதல் ஆலை இயந்திரம் வரை பெரும்பாலானவை இவர் வகுத்த அமைப்பிலேயே ஓடுகின்றன.

வாழ்க்கை

சென் பீட்டர்சுபர்க் நகருக்கு அருகிலுள்ள காத்சினாவில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். 1872இல் குடும்பம் ஒதெசாவுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை அங்கு முடித்து, ரீகா பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1881இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதை அடுத்து மாணவர்கள் மீது கடும் நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு எதிரான செயல்களில் ஈடுபட்டதாகக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்ட இவருக்கு உருசியாவில் வேறெங்கும் பயில வழியில்லாமல் போயிற்று. 1883இல் செருமனியின் தார்ம்சுடாட் நகருக்குச் சென்று எராசுமசு கிட்லரிடம் மின்பொறியியல் பயின்றார். பின்னர் அவருக்கே உதவியாளரானார். 1887இல் பெர்லினில் ஏஇஜி நிறுவனத்தில் சேர்ந்தார்.

கண்டுபிடிப்புகள்

சுழல் காந்தப்புலத்தைக் கண்டவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். இத்தாலியின் கலிலியோ பெராரிசும், அமெரிக்காவில் நிக்கோலா தெசுலாவும் 1888இல் தத்தம் ஆய்வுகளை வெளியிட்டிருந்தனர். ஆகவே தூண்டல் மின்னோடியின் தந்தை யார் என்ற வழக்கு இன்றும் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. தொலிவோவின் பங்கு வேறு. அவர் மூன்று முனைகளைத் தேர்ந்தெடுத்தார்; சுற்றகத்தில் கம்பிச் சுருளுக்கு மாறாகச் செப்புத் தண்டுகளைப் பதித்து, இரு முனைகளிலும் வளையத்தால் இணைத்தார். தேய்ந்துபோகும் தூரிகை இல்லை, தீப்பொறி இல்லை. இதற்கான காப்புரிமை 1889இல் கோரப்பட்டது. மூன்று சுருள்களையும் ஒரே இரும்பு உள்ளகத்தின் மூன்று கால்களில் ஏற்றிய மின்மாற்றியும் அதே காலத்தது. மூன்று தனி மின்மாற்றிகளை விட இதற்கு இரும்பு குறைவாகவே தேவைப்பட்டது.

1891இல் பிராங்க்பர்ட்டில் நடந்த மின்தொழில்நுட்பக் கண்காட்சி இவற்றுக்கெல்லாம் தேர்வுக்களமாக அமைந்தது. 175 கிலோமீட்டர் தொலைவிலிருந்த லாஃபன் சிமெண்டு ஆலையின் நீர்ச்சுழலியிலிருந்து, சுமார் 15,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவரப்பட்டது. மின்னாக்கியை ஓர்லிக்கான் நிறுவனத்தின் சார்லசு பிரவுன் வடிவமைத்தார். கண்காட்சியை ஒருங்கிணைத்தவர் ஆசுக்கர் பொன் மில்லர். வழியிலேயே பெரும்பகுதி வீணாகிவிடும் என்று பலர் ஐயுற்றனர். ஏறத்தாழ 75 விழுக்காடு வந்து சேர்ந்தது. ஆயிரம் விளக்குகள் எரிந்தன. தொலிவோவின் 100 குதிரைத்திறன் மின்னோடி நீரை இறைத்து ஒரு செயற்கை அருவியை ஓடச் செய்தது.

தொடக்க மின்னோட்டச் சிக்கல்

கூட்டுச் சுற்றக மின்னோடியில் ஒரு குறை இருந்தது. ஓடும்போது அடக்கமாக இருக்கும் அது, கிளம்பும் சில நொடிகளில் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். மின்னோடி பெரிதானால் கம்பித்தடத்தின் மின்னழுத்தமே சரியும். இதற்குத் தீர்வாகச் சுற்றகத்தில் கம்பிச் சுருளும் நழுவு வளையங்களும் அமைத்து, வெளியிலிருந்து மின்தடையைச் சேர்க்கும் வகையைத் தொலிவோ உருவாக்கினார். மின்னோட்டம் குறைந்தது, கிளம்பும் முறுக்குவிசை கூடியது. ஆனால் எளிமை போயிற்று: விட்டொழித்த தூரிகை மீண்டும் வந்தது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியை எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் எளிதில் விளங்கும். நெல், கரும்பு, மணிலாப் பயிர்களுக்குக் கிணற்று நீரையே பெரிதும் நம்பும் வட்டாரம் இது. ஒரு 100 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியில் பத்துக் குதிரைத்திறன் மோட்டார்கள் ஐந்து இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஓடும்போது சுமார் 10 கிலோவோல்ட்-ஆம்பியர் எடுக்கும், மொத்தம் 50. மின்மாற்றியில் பாதி காலியாகவே தெரியும். ஒரு மோட்டார் மட்டும் கிளம்பினால் ஆறு மடங்காக 60. மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் உள்ள மின்மறிப்பு 4.5 விழுக்காடு என்றால், 60ஐ 100ஆல் வகுத்து 4.5ஆல் பெருக்க, மின்னழுத்தம் 2.7 விழுக்காடு குறையும். இது பொறுக்கத்தக்கதே.

மின்வெட்டு நீங்கியதும் ஆட்டோ சுவிட்சுகள் ஐந்து மோட்டார்களையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் நிலை மாறும். 300 கிலோவோல்ட்-ஆம்பியர் தேவைப்பட்டு, இறக்கம் ஏறத்தாழ 13.5 விழுக்காடாகும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அதில் கால் பங்கு போய்விடும். வயல் கடைசியில் இருந்தால் நீண்ட கம்பித்தடத்தின் இறக்கமும் சேரும். அங்குள்ள மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்று, சுருள் கருகக்கூடும். மின்மாற்றியின் அளவை ஓடும் சுமையை மட்டும் கூட்டி முடிவு செய்யலாகாது என்பது இதனால்தான். ஸ்டார்-டெல்டா தொடக்கி மின்னோட்டத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும். முறுக்குவிசையையும் அவ்வாறே குறைக்கும்.

திண்டிவனம் வழியே செல்லும் சென்னை–விழுப்புரம் தொடர்வண்டித் தடத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வைக் காணலாம். டபிள்யூஏபி-7 போன்ற இழுபொறிகள் மும்முனைத் தூண்டல் மின்னோடிகளையே கொண்டுள்ளன. மின்னணுக் கருவிகள் அதிர்வெண்ணைச் சிறிதிலிருந்து படிப்படியாக உயர்த்துவதால் தொடக்கத்தில் பெரும் மின்னோட்டம் பாய்வதில்லை. தொலிவோவின் காலத்தில் இதற்கான கருவிகள் இல்லை.

இறுதிக் காலம்

1903 முதல் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்தார். 1909இல் ஏஇஜியில் தொழில்நுட்ப இயக்குநரானார். 1911இல் தார்ம்சுடாட் தொழில்நுட்ப உயர்கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. வாழ்நாள் முழுவதும் மாறுதிசை மின்னோட்டத்துக்காக உழைத்த இவர், மிக நீண்ட தொலைவுகளுக்கு உயரழுத்த நேர்திசை மின்னோட்டமே ஏற்றது என்று தம் கடைசி ஆண்டுகளில் வாதிட்டது வியப்புக்குரியது. சத்தீசுகரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் தடம் அவ்வகையைச் சேர்ந்ததே.

இளமையிலிருந்தே இதய நோயால் துன்புற்ற தொலிவோ-தொப்ரவோல்சுக்கி, 1919 நவம்பர் 15 அன்று ஐடல்பர்க் நகரில் காலமானார். அவரது உடல் தார்ம்சுடாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.